வடக்குச் சுவரின் கூரைத்தண்ணீர்

செப்டம்பர் 9, 1957. திங்கள்

புன்னைத்துறைக்கு வந்து சேர்ந்தோம். பஸ் ஊருக்குள் வராது. மணலில் ஒரு மைல் நடை. பெட்டி படுக்கைக்கு ஒரு மாட்டு வண்டி கிடைத்தது. அமலோற்பவத்தை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். அவள் நடந்தே வந்தாள். வண்டி குலுக்கினால் ஆகாது என்று பழக்கத்தில் வண்டிக்காரனைப் பின்னாலிருந்து அதட்டினேன். டாக்டர் அப்படிச் சொன்னது போன மே மாதம். இப்போது யாருக்கு ஆகாது என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

மேற்றிராணியாரின் (பிஷப்பின்) கீழுள்ள கோயில் கட்டடங்களைப் பார்க்கிற ஓவர்சியர் என்கிற முறையில் வேலைக்கு எப்போதும் தனியாகத்தான் போவேன். இந்தத் தடவை மனைவியையும் கூட்டி வந்திருக்கிறேன். பிள்ளை போன வீட்டில் அவளைத் தனியாக விட முடியாது, இடம் மாறினால் இரண்டு வாய் சாப்பிடுவாள் என்று அவள் அண்ணி சொன்னாள். ஜூலையில் நடந்ததைப் பற்றி இதில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இது வேலை எழுதுகிற நோட்டு.

செப்டம்பர் 11

அர்ச்சிஷ்ட அன்னம்மாள் கோயிலை உள்ளும் புறமும் பார்த்தேன். நல்ல கட்டுமானம். நூற்றைம்பது வருஷம் இருக்கும். கட்டியவர் ஒரு வெளிநாட்டுச் சாமியார். அவர் பெயர் வெட்டிய கல் கடல் காற்றில் பாதி அழிந்துவிட்டது. கடலைப் பார்த்த முகப்பு, அதன் இரண்டு தோளிலும் சங்குச் சுருளாக வளைவு. சுவர் முழுக்கக் கடலில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல். கரை ஏறுகிற ஒவ்வொரு வள்ளமும் மீனோடு ஒரு கல்லையும் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஊர்க் கட்டுப்பாடாம். பூச்சு சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய். நகத்தால் கீறிப் பார்த்தேன், தேய்ந்தது என் நகம்தான்.

நோய் எங்கே என்று தேட வேண்டியதில்லை. தெற்குப் பக்கம் கூரைத்தண்ணீரை வாங்கிக்கொள்ள அழகான கல் வாய்க்கால் இருக்கிறது. வடக்கே ஒன்றுமில்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் நேராக மண்ணில் விழுந்து, அடித்தளத்துக்குள் இறங்கி, உப்பு மேலே ஏறி, ஆள் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்து கிடக்கிறது. தெற்கே கட்டின மகானுக்கு வடக்கே கட்டக் கை வலித்ததா? இந்தச் சாமியார்களுக்கு மோட்சத்துக்கு வழி தெரியும், மழைத்தண்ணீருக்கு வழி தெரியாது.

இன்னொரு வேடிக்கை. வடக்குப் பக்கக் கூரை விளிம்பு தெற்கைவிட நன்றாக வெளியே நீண்டிருக்கிறது. அதைத் தாங்கத் தேக்கில் தனி முட்டு வேறு. வீண் செலவு.

செப்டம்பர் 13

அமலோற்பவம் கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

செப்டம்பர் 18

வடக்குக் கூரை ஓரத்துக்குத் தகர வாய்க்கால் செய்ய தூத்துக்குடிக்குச் சொல்லி அனுப்பினேன். தண்ணீர் அதில் ஓடி, மூலையில் குழாய் வழியாக இறங்கி, தூரத்துக் குழிக்குப் போய்விடும். சுவர் ஓரமாகப் பள்ளம் வெட்டி, கல்லும் சுண்ணாம்பும் போட்டு இறுக்க வேண்டும். மேஸ்திரி எரோணிமுஸ் நல்ல வேலைக்காரர். மூக்குப்பொடி போட்டுத் தும்மி முடிக்கிறவரை ஒரு வேலையும் தொடங்க மாட்டார். அவரிடம் ஒரே ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்: நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகரம் வந்த அன்றே ஏறியாக வேண்டும், மழைக்கு முன்னால் முடிந்தாக வேண்டும்.

"நீங்க சொல்லிட்டிய, அப்புறம் என்ன" என்றார்.

செப்டம்பர் 23

பள்ளம் வெட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி ஒரு மண்பானையில் தட்டியது. சின்னப் பானை. வாயைத் துணியால் கட்டி மண் பூசியிருந்தது. எரோணிமுஸ் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஆட்களும் அவிழ்த்தார்கள். புதையலா என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அதற்குள் மீன் கூடையோடு மிக்கேலம்மாள் ஓடி வந்தாள். வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் தருகிறவள், முப்பது வயது இருக்கும். பள்ளத்தில் இறங்கி, பானையை எடுக்காமல், கையாலேயே அதை மூடினாள்.

"ஐயா, இது பிள்ளைக கெடக்கிற எடம். தோண்டாதிய."

ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்க முடியாது. அது எல்லா ஊரிலும் உள்ள சட்டம். எனக்குத் தெரியாததா? மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, நடுவில் ஓர் இடம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறேன். இந்த ஊர்ப் பெண்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப் போன பிள்ளைகளைக் கோயிலின் வடக்குச் சுவர் ஓரம், கூரைத்தண்ணீர் விழுகிற கோட்டில் வைக்கிறார்கள். ஐப்பசியில் விழுகிற முதல் மழை, மந்திரிக்கப்பட்ட கோயில் கூரை மேல் ஓடி, பிள்ளை மேல் விழும். அந்த நேரம் தாய் பக்கத்தில் நின்று பிள்ளையின் பேரைச் சொல்ல வேண்டும். அதுதான் அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.

"மொத மழைக்கு மட்டும்தான் அது. அது வரைக்கும் பேரை வெளியே விடக் கூடாது. புருசங்கிட்டகூட" என்றாள் மிக்கேலம்மாள். "போன வருசம் மழை முடிஞ்சு எனக்கு ஒண்ணு போச்சு. வருசம் பூரா காத்துக் கெடக்கேன் ஐயா."

பள்ளத்தை மூடச் சொன்னேன்.

செப்டம்பர் 24

பங்குச் சாமியார் லெயாந்தர் சுவாமியிடம் போய்ச் சொன்னேன். பானை என்றதும் ஜெபப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்.

"நான் வடக்குப் பக்கம் போறதே இல்ல ஓவர்சியர். அங்க வெயில் ஜாஸ்தி."

வடக்குப் பக்கம் வருஷத்தில் பாதி நாள் நிழலில்தான் கிடக்கிறது.

"மண்ணத் தொட வேண்டாம். தகரத்த மட்டும் மாட்டிடுங்க. சுவரு விழுந்தா மேற்றிராணியாருக்கு நான்தான் பதில் சொல்லணும். டிசம்பர்ல திருநாளுக்கு வாறாங்க" என்றார். அது சரி. பெண்களின் நம்பிக்கைக்காகச் சுவரைச் சாக விட முடியாது. சுவர் போனால் கூரையே இல்லை, அப்புறம் தண்ணீர் எங்கிருந்து விழும்?

செப்டம்பர் 29

இன்று அமலோற்பவம் வீட்டில் இல்லை. தேடிப் போனால் வடக்குச் சுவர் நிழலில் மிக்கேலம்மாளோடு உட்கார்ந்திருக்கிறாள். மிக்கேலம்மாள் வலை முடிந்துகொண்டிருந்தாள். இவள் நூலைப் பிடித்திருந்தாள். ஜூலைக்குப் பிறகு இவள் கை ஒரு வேலை செய்து இன்றுதான் பார்க்கிறேன். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டாள். மீன் தலையைக்கூட விடவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 3

அவள் அப்படி நன்றாகச் சாப்பிட்டது எதனால் என்று இன்று தெரிந்தது.

சோற்றைப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நம்ம பிள்ளைய இங்க கொண்டாந்து வைக்கணும். ஐப்பசி பொறக்கறதுக்குள்ள" என்றாள்.

முடியாது என்றேன். புதைத்ததைத் தோண்டக் கூடாது. சாமியாருக்குத் தெரிந்தால் என் வேலை போகும். அதோடு தகர வாய்க்கால் மாட்டப் போகிறது, தண்ணீரே அங்கே விழாது. தண்ணீர் எப்படி இறங்குகிறது, உப்பு எப்படி ஏறுகிறது என்று விளக்கினேன். தட்டில் சோற்றைச் சுவராக வைத்துக் குழம்பை ஊற்றிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சுவரு எத்தன வருசமா நிக்கு?" என்றாள்.

அக்டோபர் 6. ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். மத்தியானம் நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். செத்துப் பிறந்த பிள்ளைக்கு இத்தனை தூரம் போக வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம்.

அவள் சத்தம் போடவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்.

"செத்துப் பொறக்கல. அழுதுச்சு. நீங்களுந்தான் கேட்டிய. உசுரு நிக்காது, உங்க சாமி தண்ணிய ஊத்துங்கன்னு மருத்துவச்சி கத்தினா. அவ வேற சாமி கும்பிடுறவ, அவளுக்கு ஞானஸ்நான வாசகம் தெரியாது. எனக்கு வாயத் தொறக்கத் தெம்பு இல்ல. செம்புல தண்ணி உங்க கைக்குப் பக்கத்துல இருந்துச்சு. நீங்க சாமியாரக் கூட்டிட்டு வாறேன்னு ஓடினிய. எதுவும் முறையா நடக்கணும்னு சொல்லிட்டு ஓடினிய."

நான் ஓடினேன். சாமியார் வீடு குளத்துக்கு அந்தப் பக்கம். அவர் அங்கியை மாட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு வர நேரமாயிற்று. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஞானோபதேசப் பரீட்சையில் எனக்கு முதல் பரிசு.

சாயங்காலம் சாரத்துக் கட்டுகளைச் சரிபார்த்தேன். எல்லாம் இறுக்கமாகவே இருக்கின்றன.

அக்டோபர் 15

இன்று வேலை இல்லாததால் வடக்குக் கூரையை மறுபடி அளந்தேன். விளிம்பிலிருந்து தண்ணீர் விழுகிற கோடு சுவரைவிட்டுத் தள்ளியே இருக்கிறது, அந்தக் கோட்டில் ஒரு சின்னக் குழிக்குத் தாராளமாக இடம் உண்டு. சுவரிலும் அவ்வளவாகத் தெறிக்காது. தேக்கு முட்டு பிற்பாடு சேர்த்ததில்லை, சுவரோடு சேர்த்துக் கட்டியது. தெற்கே வாய்க்கால் கட்டத் தெரிந்தவருக்கு வடக்கே கட்டத் தெரியாமல் போகவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். மேலிடத்துக்குத் தெரியாமல், கல்லில் எழுதாமல், கூரையை மட்டும் நீட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரைப் பற்றி முதலில் எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், என் புத்தி எனக்குத் தெரியட்டும்.

அமலோற்பவத்திடம் போய், கொண்டுவருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு.

அக்டோபர் 18

இன்று சாயங்காலம் பஸ்ஸில் மேலக்குளத்தூருக்குப் போகிறேன். எங்கள் ஊர். வானம் வெளுத்துக் கிடக்கிறது, மழைக்கு இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று எரோணிமுஸ் சொல்கிறார். தகரமும் அடுத்த வாரம்தான் வருமாம். முதல் மழை போன பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறேன். அதைத் திரும்பி வந்து அவரிடம் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 20. ஞாயிறு

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

மேலக்குளத்தூரில் விடிந்தும் விடியாமலும் கல்லறைத் தோட்டத்து வெளிச்சுவர் ஓரத்தில் தோண்டினேன். இடம் மறக்கவில்லை. பெட்டி அப்படியே இருந்தது. நான் செய்த பெட்டிதான், தேக்குப் பலகை, ஆணி அடிக்காமல் பல்லோடு பல் கோத்த மூட்டு. அன்றைக்கு அதை இழைக்க அரை நாள் எடுத்துக்கொண்டேன். மண்ணைத் துடைத்து, வெள்ளை வேட்டியில் சுற்றி, பஸ் ஏறினேன்.

மடியிலேயே வைத்துக்கொண்டேன். கண்டக்டர் மேலே போடச் சொன்னார், மாட்டேன் என்றேன். திருநெல்வேலியில் பஸ் மாறியபோது ஜெபமாலை போட்ட ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோயிலுக்குச் சுரூபமா அண்ணே?"

ஆமாம், சிலைதான் என்றேன்.

"யாரு சுரூபம்?"

"குழந்தை."

"குழந்தை சேசுவா" என்று அவள் பெட்டி மேல் கையை வைத்து, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு குனிந்து பெட்டியிடமே பேசினாள். "எம் மவனுக்குப் பத்து நாளாக் காய்ச்சல் விட மாட்டேங்கு. நீர்தான் பாத்துக்கிடணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னால் தாங்க முடியவில்லை. வாய்விட்டே அழுதேன். அவள் பக்திமான் என்று நினைத்திருப்பாள். என் மகளிடம் இந்த உலகத்தில் ஒருத்தி ஒன்று கேட்டுவிட்டாள். அந்தப் பையனுக்குக் காய்ச்சல் விட வேண்டும்.

அப்போதுதான் ஜன்னலில் தூறல் விழுந்தது. திருச்செந்தூர் தாண்டுவதற்குள் கொட்டத் தொடங்கியது. ஒரு தரைப்பாலத்தில் வெள்ளம் போகிறது என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இறங்கி நடந்தேன். வேட்டி நனைந்தது, பெட்டியைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு நடந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. முதல் மழையாயிற்றே, நான் போய்ச் சேருகிறவரைக்கும் பெய்ய வேண்டும் என்று அன்னம்மாளிடம் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

பெய்தது. நான் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோதும் பெய்துகொண்டுதான் இருந்தது. வடக்குச் சுவர் ஓரம் பெண்கள் ஏழெட்டுப் பேர் முக்காடு போட்டு நின்றார்கள். அவர்கள் காலடி மண் காய்ந்து கிடந்தது. மேலே புதுத் தகர வாய்க்கால் பளபளவென்று இருந்தது. தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தாமல் அதற்குள் ஓடி, மூலைக் குழாயில் இறங்கி, நான் வெட்டச் சொன்ன குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. நல்ல வேலை. எங்கும் ஒழுகவில்லை.

தகரம் காலையிலேயே வந்துவிட்டதாம். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே ஏற்ற வேண்டும் என்ற என் சொல்லை எரோணிமுஸ் அப்படியே காப்பாற்றியிருக்கிறார். அமலோற்பவம் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். "ஓவர்சியர் சொல்லாம நான் எப்படி தாயி நிறுத்துவேன்" என்றாராம். அவர் மேல் தப்பில்லை.

ஏணியைத் தூக்கி வைத்து ஏறினேன். கம்பியைப் பிடுங்கினேன், முதல் தகரம் மட்டும் கழன்று தொங்கியது. அதற்குள் மழை விட்டுவிட்டது.

மிக்கேலம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எறங்குங்க ஐயா, வழுக்கும்" என்றாள். அவள் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

பெட்டியை அமலோற்பவத்திடம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே குழி தோண்டினாள். என்னைத் தொடவிடவில்லை.

அக்டோபர் 22

தகரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இன்றும் நல்ல மழை. கூரைத்தண்ணீர் வடக்கே ஒரே திரையாக விழுந்தது. ஒருத்தியும் வரவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அமலோற்பவத்தைக் கூப்பிட்டேன். இதுவும் அதே கூரை, அதே தண்ணீர், வந்து பேரைச் சொல்லு என்றேன்.

"மொத மழை இல்லையே" என்றாள்.

அதில் என்ன இருக்கிறது, தண்ணீர் தண்ணீர்தானே என்றேன்.

"முறைன்னா முறைதான. நீங்க சொன்னதுதான" என்றாள். குத்திச் சொல்லவில்லை. அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்டோபர் 30

லெயாந்தர் சுவாமியிடம் போய், ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். போன உயிருக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் திருச்சபையில் வழியில்லை என்றார். அவர் கண் கலங்கியது. தகரம் எங்கே என்று கேட்கவில்லை.

நவம்பர் 17

சுவர்ப் பூச்சு பாதி முடிந்தது. அடித்தளத்தைத் தோண்டாமலே உப்பைக் கழுவி, புதுச் சுண்ணாம்பு ஏற்றுகிறோம். சில வருஷத்துக்கு ஒரு முறை இப்படிச் செய்தால் சுவர் நிற்கும். எரோணிமுஸ் தும்மவே இல்லை. தகரம் ஏற்றின நாளிலிருந்து பொடி போடுவதை விட்டுவிட்டாராம்.

டிசம்பர் 8

திருநாள் நடந்தது. மேற்றிராணியார் சுவரைத் தட்டிப் பார்த்து மெச்சினார். வடக்குப் பக்கம் ஏன் வாய்க்கால் இல்லை என்று கேட்டார். கட்டியவர் வைத்தபடியே விட்டிருக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 11

அடுத்த வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. மலைப்பக்கம் ஒரு கோயில், கோபுரத்தில் விரிசல். பெட்டி படுக்கையைக் கட்டு என்று அமலோற்பவத்திடம் சொன்னேன். என் பெட்டியை மட்டும் கட்டினாள்.

மிக்கேலம்மாள் வீட்டை ஒட்டி ஒரு பத்தி, சின்னச் சாய்ப்பு, காலியாக இருக்கிறதாம். அமலோற்பவம் அடுத்த ஐப்பசி வரைக்கும் அங்கே இருக்கப் போகிறாளாம். வலை முடியக் கற்றுக்கொண்டாள், பிழைத்துக்கொள்வாள். கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். கூட நானும் இருந்துவிடட்டுமா என்றேன்.

"நீங்க வேலையப் பாருங்க. ஒருத்தராவது எடத்துல இருக்கணும்ல, மழ எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்" என்றாள்.

டிசம்பர் 13. வெள்ளி

மணலில் அந்த ஒரு மைலும் கூட வந்தாள். கட்டுச்சோறும் தண்ணீர்ச் செம்பும் கொடுத்தாள். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"என்ன பேரு வச்சிருக்க?"

தலையை ஆட்டினாள். "மழைக்கு முன்னால சொல்லக் கூடாது. அடுத்த ஐப்பசிக்கு வாங்க. அப்ப கேட்டுக்கிடலாம்."

"நான் எங்காவது மாட்டிக்கிட்டு, வர முடியலைன்னா?"

பஸ் வந்துவிட்டது.

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. என் அம்மா பேராக இருக்கும், அவள் அம்மா பேராக இருக்கும், அன்னம்மாளாகவே இருக்கும் என்று எனக்குத் தெரிந்த பெண் பேர்களையெல்லாம் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்தப் பேருக்கும் மனம் ஆமாம் என்று சொல்லவில்லை. மலையடிவாரத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. என் மகள் பெயர் எனக்குத் தெரியாது.